தெருவெல்லாம் ஓடிய அந்தக் கார்கள் எங்கே போயின?

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு நின்ற மாருதி ஜென், எஸ்டீம், டாடா இண்டிகா, டேவூ மாட்டிஸ், ஃபோர்டு ஐகான், டொயோட்டா குவாலிஸ் எல்லாம் இப்போது கண்ணில் படுவதே இல்லையே, எங்கே போயின என்பது முதல் பகுதி. வீட்டில் அப்பா வாங்கிய 2004 மாடல் ஜென் நிற்கிறது, வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா என்பது இரண்டாவது.

நான் கார் ஸ்பேர்ஸ் வியாபாரத்தில் இருக்கிறேன். ஒரு கார் சாலையிலிருந்து மறைவதற்குச் சில வருடங்கள் முன்பே எங்கள் கவுன்டரில் அது தெரிந்துவிடும். அந்த வண்டிக்கு முதலில் கிளட்ச் பிளேட் கேட்பார்கள், பிறகு ஹெட்லைட் கேட்பார்கள், அப்புறம் "செகண்ட் ஹேண்டிலாவது கிடைக்குமா" என்று கேட்பார்கள். அதற்கும் அப்புறம் யாரும் வர மாட்டார்கள்.

என்ஜின் போனதால் கார் போயிற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போனவை மிகக் குறைவு. உடைக்கப் போகும் கார்களில் பெரும்பாலானவை சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிறவைதான். சாதாரணக் கார் என்ஜினை ரிங், பிஸ்டன் மாற்றி, ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) வேலை பார்த்து மறுபடி ஓடவைக்க ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருக்கிறது, லேத் இருக்கிறது. காரை ஓரங்கட்டுவது அதைவிடச் சின்னச் சின்னப் பொருள்கள்.

முதலில் அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகும் பத்து வருடங்களுக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்று நான்கு பெயர்கள்தான். 1991-க்குப் பிறகு கதவு திறந்தது. 1993-ல் ஜென், 1994-ல் எஸ்டீம், 1995-ல் டேவூ சியலோ, 1996-ல் ஃபியட் ஊனோவும் ஓப்பல் அஸ்ட்ராவும் ஃபோர்டு எஸ்கார்ட்டும். 1998 மட்டும் தனி வருடம். ஹோண்டா சிட்டி, திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி லான்சர், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ, மாட்டிஸ், வருடம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது டிசம்பர் 30-ல் இண்டிகா என்று ஒரே வருடத்தில் இத்தனை வந்தன. அடுத்த வருடம் மறைமலை நகரிலிருந்து ஐகானும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஆக்சென்ட்டும். 2000 ஜனவரியில் குவாலிஸ். அந்த ஏழெட்டு வருடங்களில் இந்திய நடுத்தரக் குடும்பம் முதல்முறையாக "எந்தக் கார் வாங்கலாம்" என்று உட்கார்ந்து பேசியது. அதுவரை "எப்போது கிடைக்கும்" என்பதுதான் பேச்சு. நான் இந்தக் கார்களைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு அது ஒரு காரணம். பல வீடுகளின் முதல் கார் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

இனி பார்ட்ஸ் விஷயம். ஒரு காரில் தேய்கிற பொருள்கள் ஒரு வகை, உடைகிற பொருள்கள் இன்னொரு வகை. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், பேரிங், ஃபில்டர், பெல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேய்பவை. இவற்றைக் கார் கம்பெனி தானே செய்வதில்லை, சப்ளையர்கள் செய்கிறார்கள். சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் மாதிரி நிறுவனங்கள் கார் கம்பெனிக்குக் கொடுப்பதோடு வெளிச்சந்தைக்கும் சரக்கு அனுப்புகின்றன. ஒரே அளவு பேரிங் நாலு வண்டிக்குப் பொருந்தும். அதனால் கார் நின்றுபோய்ப் பல வருடம் ஆன பிறகும் இவை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

ஹெட்லைட், பம்பர், கதவுக் கண்ணாடி, பீடிங் ரப்பர், டோர் ஹேண்டில், ஏ.சி. வென்ட், பவர் விண்டோ சுவிட்ச் இவையெல்லாம் அந்த ஒரு மாடலுக்காக மட்டும் அச்சு போட்டுச் செய்தவை. கார் உற்பத்தி நின்றதும் சப்ளையர் அந்த அச்சை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். சில வருடம் ஆர்டர் வரும்போது இறக்கி ஓட்டுவார். ஆர்டர் குறையக் குறைய "இத்தனை ஆயிரம் பீஸ் எடுத்தால்தான் அச்சை ஏற்றுவேன்" என்பார். அத்தனை பீஸ் யாருக்கும் வேண்டியிருக்காது. இன்னொரு பக்கம் டீலரின் கிடங்கில் நகராமல் கிடக்கும் சரக்கு கணக்கில் நஷ்டம், அதனால் அவரும் கழித்துக்கட்டிவிடுவார். ஒருநாள் பார்ட் நம்பரைத் தட்டினால் "இல்லை" என்று வரும். அந்த மாடலின் மறைவு நடைமுறையில் அன்றைக்கே தொடங்கிவிடுகிறது. சாலையில் தெரிவதற்குத்தான் இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

மாட்டிஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இத்தாலியின் ஜியுஜாரோ வடிவமைத்த கார் அது. 796 சிசி, மூன்று சிலிண்டர், அந்த விலைக்கு அப்போது அவ்வளவு நேர்த்தியாக உள்ளே வேலை செய்திருந்த சின்னக் கார் வேறு இல்லை என்றே சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் சூரஜ்பூர் தொழிற்சாலையில் தயாரானது. 2000-ல் கொரியாவில் டேவூ மோட்டார் திவாலானது. பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் அதன் சொத்துகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டபோது சூரஜ்பூர் ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதாவது கார் நன்றாகத்தான் இருந்தது, அதற்குப் பின்னால் நிற்க ஆள் இல்லாமல் போனது. அதே மாட்டிஸின் அடுத்த தலைமுறைதான் 2007-ல் செவர்லே ஸ்பார்க் என்ற பெயரில் இங்கே வந்தது. வெளியே பார்க்கச் சாயல் இருக்கும், ஆனால் பழைய மாட்டிஸுக்கு அதிலிருந்து எடுத்துப் போட்டு ஓட்டிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். 2017 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் மாட்டிஸின் டிரைவர் பக்கக் கதவுக் கைப்பிடியை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துவந்தார். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் காது உடைந்திருந்தது. அதை ஒட்டிப் பார்த்து, கம்பி சுற்றிப் பார்த்து, கடைசியில் பக்கத்து சீட் வழியாக ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் என்ஜின் சத்தத்தை வாசலில் நின்றே கேட்டேன், சுத்தமாக இருந்தது. பழைய பார்ட்ஸ் சந்தையான புதுப்பேட்டையில் தேடச் சொல்லி அனுப்பினேன். கிடைத்ததோ இல்லையோ தெரியாது. ஒரு நல்ல காரை வீட்டு வாசலில் நிறுத்திவிட ஒரு கைப்பிடி போதும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

புதுப்பேட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையில் இந்தக் கார்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது அது. ஒரு கடையில் வெறும் கதவுகள், புத்தகம் மாதிரி வரிசையாகச் சாத்தியிருக்கும். பக்கத்தில் ஹெட்லைட் மட்டும் கூரை வரை. எழுத்தில் எந்தக் கணக்கும் இல்லாமல் "இண்டிகா வி2, இடது, பின் கதவு" என்று கேட்டதும் கையை விட்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு மாடல் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இங்கே பார்த்தால் போதும். குவியல் பெரிதாக இருந்தால் அந்தக் கார் இப்போதுதான் கூட்டமாகச் சாகிறது என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் பார்ட்ஸ் மலிவு, மிச்சமிருக்கும் கார்களுக்கு நல்ல காலம். குவியலே இல்லையென்றால் சாகவேண்டியவை செத்துமுடிந்துவிட்டன. ஊனோ, சியலோ, அஸ்ட்ராவெல்லாம் அந்த இரண்டாம் நிலைக்கு எப்போதோ போய்விட்டன.

பார்ட்ஸ் கிடைத்தாலும் பணக்கணக்கு ஒன்று இருக்கிறது. இருபது வயதுக் காரின் சந்தை மதிப்பு சில பத்தாயிரங்கள். ஏ.சி. கம்ப்ரஸர் போய், கூலிங் காயிலும் ஓட்டை என்றால் அதற்கே அந்த மதிப்பில் பாதி கரைந்துவிடும். அடித்தளத்தில் துரு பிடித்து டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று இறங்கினால் காரின் விலையைத் தாண்டிவிடும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். குடும்பத்தில் ஒருவர் "இந்தப் பணத்தை வைத்து வேறு வண்டிக்கு முன்பணம் கட்டலாமே" என்பார். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான்.

இந்தக் கணக்கு ஒரே அடியாக நடந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். சென்னையில் ஆயிரக்கணக்கான கார்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. காப்பீட்டு விதிப்படி பழுதுபார்க்கும் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம். புதுக் காருக்கு அந்த மதிப்பு லட்சங்களில் இருக்கும், சீட் கழற்றி, வயரிங் மாற்றி மீட்டுவிடலாம். 2000 மாடல் சான்ட்ரோவுக்கோ ஐகானுக்கோ அந்த மதிப்பு மிகச் சொற்பம். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டின் முதல் பக்கத்திலேயே அது முழு நஷ்டம் ஆகிவிடும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் கிடையாது, எடைக்குப் போட்டார்கள். தாம்பரம், முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் பல தெருக்களில் இந்தத் தலைமுறைக் கார்கள் அந்த ஒரு மாதத்தில் குறைந்துபோயின.

இண்டிகாவும் குவாலிஸும் வேறு விதமாகப் போயின. அவற்றை நாம்தான் ஓட்டித் தீர்த்தோம்.

இண்டிகா முழுக்க முழுக்க ஓர் இந்திய நிறுவனம் முன்னின்று உருவாக்கிய கார். முன்பதிவு திறந்த சில நாட்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் குவிந்தது. முதல் இரண்டு வருடம் குறைகள் நிறைய வந்தன, 2000-01 நிதியாண்டில் அந்த நிறுவனம் 500 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. 2001-ல் திருத்தி வந்த வி2 தான் நாம் தெருவில் பார்த்த இண்டிகா. 1,405 சிசி டீசல் என்ஜின், சத்தம் போடும், நடுங்கும், ஆனால் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு டீசலை மிச்சம் பிடித்து ஓடும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அப்போதிருந்த விலை வித்தியாசத்தில் டாக்சிக்காரர்களுக்கு இதைவிடச் சரியான கார் கிடையாது. கால் டாக்சி என்ற தொழிலே பல ஊர்களில் இண்டிகாவின் மேல்தான் எழுந்தது. மஞ்சள் போர்டு போட்ட வெள்ளை இண்டிகா வராத கல்யாண மண்டபமோ ஆஸ்பத்திரி வாசலோ இருந்ததா?

டாக்சியின் ஆயுள் வேறு கணக்கு. சொந்தக் கார் ஒரு வருடத்தில் ஓடுவதை அது ஒன்றிரண்டு மாதத்தில் ஓடிவிடும். இரண்டு டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டினால் என்ஜின் ஆறுவதே இல்லை. அதற்கு மேல், அப்போதைய மத்திய விதிப்படி டூரிஸ்ட் பெர்மிட் டாக்சிக்கு ஒன்பது வருடம்தான் அனுமதி. ஒன்பது வருடம் முடிந்ததும் வெளிமாநில சவாரி போக முடியாது. பிறகு உள்ளூர் சவாரி, அப்புறம் உதிரிச் சவாரி, கடைசியில் புதுப்பேட்டை. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது, இரண்டு எரிபொருள்களின் விலையும் நெருங்கி வந்தது, சின்ன டீசல் காருக்கான காரணமே மெலிந்தது. 2018-ல் இண்டிகா உற்பத்தி நின்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதிய புகை விதி வந்தபோது மாருதியே டீசலை மொத்தமாக விட்டுவிட்டது.

குவாலிஸ் இன்னும் விசித்திரம். நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே, 2005-ல் இன்னோவாவுக்கு இடம்விட டொயோட்டா அதை நிறுத்தியது. கம்பெனி நலமாக இருக்கிறது, பார்ட்ஸ் கிடைத்தது, வண்டியும் லேசில் சாகாத வண்டி. அது ஐ.டி. கம்பெனிகளுக்கு இரவு பகலாக ஆள் ஏற்றி இறக்கியது, ஐயப்ப சீசனில் பம்பைக்கும் ஊருக்கும் நடையாய் நடந்தது. ஐந்தே வருட உற்பத்தி, இவ்வளவு கடுமையான உழைப்பு, மிச்சம் எத்தனை இருக்கும்? கம்பெனி ஓடிப்போனதால்தான் கார்கள் மறைகின்றன என்று சொல்பவர்களுக்கு நான் குவாலிஸைத்தான் காட்டுவேன்.

சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பார்கள். தில்லியில் பெரிய பங்கு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை போட்டது, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே ஓடியவற்றில் பல தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குப் போயின, மற்றவை உடைக்கப்பட்டன. 2025 ஜூலையில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே போடக்கூடாது என்று உத்தரவு வந்து, எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டதும் நடந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு வயதை மட்டும் வைத்துத் தடை கிடையாது. இங்கே வேலை செய்வது கட்டணம். ஆர்.சி. (பதிவுச் சான்று) முதலில் 15 வருடம் செல்லும், பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்தினார்கள், ஜி.எஸ்.டி. தனி. காலம் தாழ்த்தினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி அது பாட்டுக்குத் தனி. தினமும் ஓடும் காருக்கு இது பெரிய தொகை இல்லைதான். மாதத்துக்கு இரண்டு முறை வெளியே எடுக்கும் காருக்கு, "எதற்கு இதெல்லாம்" என்று தோன்றவைக்க இது போதும்.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற ஒரு விஷயம் உண்டு. 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டி, அசல் நிலையில் பராமரிக்கப்படும் வண்டிக்குத் தனிப் பதிவு, "விஏ" என்ற எழுத்துகளோடு தனி நம்பர். நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் 15-க்கும் 50-க்கும் நடுவே 35 வருடம் இருக்கிறதே, அதில் ஒரு காரைக் காப்பாற்றுபவருக்கு எந்த ஆதரவும் இல்லை, வயது ஏற ஏறக் கட்டணம்தான் ஏறுகிறது. 1993-ல் வந்த முதல் ஜென் அந்த மரியாதையைப் பெற 2043 வரை காத்திருக்கவேண்டும். அதுவரை ஒரு ஜென்னை அசல் நிலையில் யார் வைத்திருப்பார்கள்? அம்பாசடரும் பத்மினியும் அந்தப் பள்ளத்தைத் தாண்டியது அவை முப்பது நாற்பது வருடம் ஒரே உருவத்தில் தயாரானதால்தான், பார்ட்ஸ் கடலாகக் கிடந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முகம் மாறிய இந்தத் தலைமுறைக்கு அந்த வசதி கிடையாது.

பழைய கார் ஆர்வலர்களும் இந்தக் கார்களைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆஸ்டினையும் மோரிஸையும் பிரித்துக் கோர்ப்பவர்கள் இண்டிகா என்றால் சிரிப்பார்கள். டாக்சி வண்டியை யார் மியூசியத்தில் வைப்பது என்று கேட்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். இந்த நாட்டில் கார் என்பது பணக்காரர் பொருள் என்ற நிலையிலிருந்து வாத்தியார் வீட்டுப் பொருளாக மாறியதற்குச் சாட்சி இந்தக் கார்கள்தான். கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, அருமையான இடம். அதுபோல் ஸ்ரீபெரும்புதூர்-மறைமலை நகர் வட்டாரத்தில், இங்கேயே தயாரான கார்களை மட்டும் மாடலுக்கு ஒன்றாக நிறுத்தி ஒரு கூடம் அமைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். முதல் சான்ட்ரோ, லான்சர், ஐகான். ஐகானை குறிப்பாகச் சொல்கிறேன், இந்தியாவை மனதில் வைத்து உருவாக்கி, மறைமலை நகரில் கட்டி, மெக்சிகோவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பல் ஏறிய கார் அது. அதன் 1.6 லிட்டர் பெட்ரோலை ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்த இழுப்பைப் பற்றிப் பேசுவார்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஐகான் ஒன்று எதிரே வந்தால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. மாருதி 800 இன்னும் ஊர்ப்பக்கம் ஓடுகிறது, 25 லட்சத்துக்கு மேல் இந்தியாவில் விற்ற கார், 2014 வரை தயாரானது, எந்த மெக்கானிக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டு வேலை தெரியும். எஸ்டீம் தெருவில் குறைந்துபோனாலும் அதன் 1.3 லிட்டர் என்ஜின் குடும்பம் ஜிப்சியிலும் முதல் ஸ்விஃப்ட்டிலும் இருந்ததால் என்ஜின் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. ரேஸ்காரர்கள் அதை விடவே இல்லை, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் எஸ்டீம்கள் பல வருடம் சீறின. சான்ட்ரோவில் 2003-ல் வந்த ஜிங் 2014 கடைசி வரை தயாரானது, அதனால் அது இன்னும் கண்ணில் படும். அதற்கு முந்தைய, உயரக் கூரையும் முழித்த விளக்குமாக இருந்த முதல் சான்ட்ரோவைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அடுத்து மறையப் போகிறவை எவை என்று கேட்டால், ஃபோர்டு ஃபிகோ, செவர்லே பீட், டவேரா, டொயோட்டா எடியோஸ், நானோ என்று சொல்வேன். பீட்டுக்கும் நானோவுக்கும் இப்போதே லைட், பம்பர் விசாரிப்பு கூடிவிட்டது.

சரி, உங்கள் ஜென்னுக்கு வருவோம். என் யோசனை, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு நிபந்தனை, நிறுத்தி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறையாவது என்ஜின் முழுச் சூடாகும்வரை ஓட்டவேண்டும். நின்ற இடத்தில்தான் பிரேக் பிடித்துக்கொள்ளும், டேங்க் துருப்பிடிக்கும், எலி வயரைக் கடிக்கும்.

2004 ஜென்னில் இருப்பது 993 சிசி அலுமினிய என்ஜின். அது லேசானது, சுறுசுறுப்பானது, ஆனால் சூட்டைத் தாங்காது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஹோஸ் பைப், கூலண்ட் நான்கையும் முதலில் சரிபாருங்கள். ஒருமுறை கொதித்துவிட்டால் ஹெட் வளைந்து பெரிய செலவு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போது மாற்றிவிடுங்கள். உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ., அதாவது மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் வகை, கார்புரேட்டர் தொல்லை இல்லை. ஆனால் இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் 20,000-30,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. எரிபொருள் ஹோஸ்களைப் புதிதாகப் போட்டுவிட்டால் நிம்மதி. பழைய ஹோஸ் வெடித்துக் கசிந்தால் அது தீ விஷயம், தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, ஜென்னுக்கு 2003-ல் முன்முகம் மாற்றினார்கள். அதனால் பழைய உருண்டை ஜென்னின் ஹெட்லைட்டும் பம்பரும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது, உங்கள் மாடலின் பார்ட்ஸ் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே இப்போதே ஒரு ஜோடி ஹெட்லைட், டெயில் லைட், நான்கு கதவுகளின் பீடிங், ஒரு செட் டோர் ஹேண்டில், வைப்பர் மோட்டார் இவற்றை வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். புதிது கிடைக்கவில்லை என்றால் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ நல்லதாகப் பார்த்து எடுங்கள், எடுக்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். என்ஜின் பார்ட்ஸைச் சேர்க்கத் தேவையில்லை, அது இன்னும் கிடைக்கும்.

கொடுத்துவிடுவதென்று வீட்டில் முடிவானால் காயலான் கடைக்கு அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஆர்.சி. உங்கள் அப்பா பெயரிலேயே உயிரோடு இருக்கும், நம்பர் பிளேட்டை வேறு யாராவது தவறாகப் பயன்படுத்தினால் கேள்வி உங்களிடம்தான் வரும். அரசு அங்கீகரித்த உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். புதுக் காருக்கு மாநிலங்கள் 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை தரலாம் என்று மத்திய விதி இடம் கொடுத்திருக்கிறது, அந்தச் சலுகைக்கு இந்தச் சான்றிதழ் தேவை. ஆர்.சி. ரத்தானதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்படிப் போவதானாலும் முதலில் ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். 2004 வண்டி என்றால் 2019-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை புதுப்பித்திருக்கவேண்டும். 2024-ல் புதுப்பித்திருந்தால் 2029 வரை கவலையில்லை. விட்டிருந்தால் தாமதக் கட்டணம் மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஹெட்லைட் தேடுவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.